பழைய கணினியும் டிஸ்க் கேஷ் அமைப்பும்

கல்லடிப் பக்கம் இன்னும் பல வீடுகளில் விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளிலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். வன்தட்டின் கேஷ் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேக நினைவகம்) அமைப்பை மாற்றினால் அவை பறக்கும் என்று சொல்பவர்களுக்கும் குறைவில்லை. என் கணிப்பில் அதனால் கிடைக்கும் பயன் சொற்பமே.

உள்ளே பொருத்திய வன்தட்டுகளுக்கு எழுதும் கேஷை (எழுத வேண்டியதை முதலில் கேஷில் வாங்கிப் பிறகு தட்டில் இறக்கும் முறையை) விண்டோஸ் பொதுவாகத் தானாகவே இயக்கி வைத்திருக்கிறது. தட்டுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான பஃபரை எந்த மென்பொருளாலும் பெருப்பிக்க முடியாது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் எடுக்கிறது. வேண்டிய தரவு வாசிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், தலை நகரும் நேரம் வேறு. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை முதன்முறை வாசிக்கையில் இந்தத் தாமதத்தை எந்தக் கேஷும் போக்காது.

டிவைஸ் மேனேஜரில், வன்தட்டின் பாலிசீஸ் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பெட்டி உண்டு. கேஷில் உள்ளதை உடனுக்குடன் தட்டில் இறக்குவதை அது நிறுத்திவிடும். எழுதும் வேலை சற்று விரைவுபடலாம்; ஆனால் தனி மின்வழங்கல் இல்லாதவர்கள் அதைத் தெரிவுசெய்ய வேண்டாம் என்று அதன் கீழேயே எச்சரிக்கை இருக்கிறது. மார்கழி மழையில் கரண்ட் போய்வரும் எங்கள் ஊரில், யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடுவது கோப்புகளைப் பணயம் வைப்பதுதான்.

ரேமைக் கூட்டினால், மிஞ்சும் இடத்தை விண்டோஸ் தானே கோப்புக் கேஷாக்கிக்கொள்ளும். 32 பிட் பதிப்பென்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். அதைவிடப் பெரிய மாற்றம், சுழலும் தட்டே இல்லாமல் சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியால் வரும். சேமிப்பகத்தைக் கணினியோடு இணைக்கும் பழைய சாட்டா 2 இணைப்பு செக்கனுக்கு 300 எம்பிக்கு மேல் தராவிட்டாலும், சுழலும் தட்டுக்கான காத்திருப்பு எஸ்எஸ்டியில் அறவே இல்லை.