முகம் இருக்கும் கல், பெயர் இருக்கும் முத்திரை

பாரிசில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் எங்களைக் கோர்சிகா தீவுக்குக் கூட்டிப் போனார். எல்லோரும் கடலுக்காகப் போகும் தீவு அது. எனக்கு மனதில் நின்றது தெற்கே, தராவோ பள்ளத்தாக்கில் இருக்கும் ஃபிலிடோசா.

மனித உருவம் செதுக்கி நட்டுவைத்த கருங்கற்கள். 3000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. சிலவற்றில் முகம் மட்டும்தான்: புருவ மேடு, மூக்கு, இறுக மூடிய வாய். வேறு சிலவற்றில் மார்புக்குக் குறுக்கே நீண்ட வாள். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். வெயில் சாய்ந்தால் முகம் எழுந்து வரும். போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். ஒரு முதிய ஒலிவ மரத்தருகே ஐந்து கற்கள் வளைவாக நிற்கின்றன. அங்கிருந்து நகரவே எனக்கு மனம் வரவில்லை.

1946இல் காணிச் சொந்தக்காரர் கண்டுபிடித்தார். 1954இலிருந்து தொல்லியலாளர் ரோஜே குரோஜான் அகழ்ந்தார். சிலைகள் பல, பின்னாளில் உடைக்கப்பட்டுச் சுவருக்குள் கல்லோடு கல்லாக அடுக்கப்பட்டிருந்தன. இடிந்த வீட்டின் கல் இன்னொரு மதிலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சுவர் முன்னால் நெஞ்சு கனத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சுன்னாகம் திரும்பியதும் அப்பா படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்பிடி ஒண்டு எங்கட பக்கம் ஏன் பிள்ளை இல்லை?"

எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். ஆள் உயரக் கருங்கல்லுக்கு எங்கே போவது? கந்தரோடையின் சின்னப் பௌத்தத் தாதுகோபங்கள்கூட முருகைக்கல்தான். ஆனால் எங்கள் பழைய மனிதர்கள் மண்ணுக்குள் இருக்கிறார்கள். சரி, வாங்கோ அப்பா என்று மோட்டார் சைக்கிளில் ஆனைக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன்.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே ஒரு பெருங்கற்கால ஈமக்குழியைத் தோண்டியது. நீட்டிக் கிடத்திய எலும்புக்கூடு, கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், ஒரு சிறிய முத்திரை. அதில் மேலே குறியீடுகள், கீழே பிராமி என்ற பழங்கால எழுத்து. 'கோவேத' என்று வாசித்திருக்கிறார்கள்.

ஃபிலிடோசாவில் முகத்தைப் பார்த்தேன், பெயர் கிடைக்கவில்லை. இங்கே பெயர் கிடைத்திருக்கிறது, முகம்தான் இல்லை. அப்பா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அக்காவின் பிள்ளைகளை இங்கேயும் கூட்டி வரவேண்டும். கல் மனிதர்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.