சிங்கமலைச் சுரங்கத்தில் வைத்த பாடம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழித் தினம் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் கல்லூரியை நினைத்தாலே எனக்கு முன்னால் வந்து நிற்பது ஒரு வெற்றுத்தாள். 1996இல், சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது, ஒரு வரிகூட எழுதாமல் நான் நீட்டிய தாள். அதைப் பற்றி எழுதாமல் வேறு எதை எழுதினாலும் மனம் ஒப்பாது.

எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த டீச்சர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அட்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பாடம் முடிந்ததும், "எல்லாரும் புத்தகத்தை மூடுங்கோ. இப்ப படிச்சதில என்ன ஞாபகம் இருக்கோ, அதை எழுதுங்கோ" என்பார். பத்து நிமிடம் தருவார். புள்ளி போட மாட்டார். நாங்களே புத்தகத்தைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதிச் சேர்க்க வேண்டும். மறுநாள் அதே பாடத்தை மறுபடி எழுதச் சொல்வார். மூன்று நாள் விட்டு ஒருமுறை, அடுத்த கிழமை ஒருமுறை. சிவப்பு குறைந்துகொண்டே வரும். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த படிப்பு வேறு. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு, பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்படி சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். அப்போதுதான் லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், "புள்ள படிக்குது" என்பார்கள். பத்துத் தரம் வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். பரீட்சை மண்டபத்தில் கண்ணை மூடினால் பக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது.

இங்கிலாந்துக்கு வந்து ஒரு பாடசாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் டீச்சரின் வழக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு ஆராய்ச்சி இருக்கிறது என்று தெரிந்தது. ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து, 1885இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதும் அதில் இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சிலர் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டால் வாசித்தவர்களுக்கு நூற்றுக்கு 40 அளவில்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அந்த ஐந்து நிமிட வெற்றிதான் லயத்தில் சத்தம் போட்டு வாசித்த எங்களை ஏமாற்றியது.

டீச்சர் இதற்கெல்லாம் ஆராய்ச்சியைச் சொல்லவில்லை. தன் ஊர்க்காரரான மேலைப்புலோலி சதாவதானி கதிரைவேற்பிள்ளையைத்தான் சொல்வார். ஒரே நேரத்தில் பல பேர் கேட்கிறதைக் கவனத்தில் வைத்துப் பதில் சொல்கிற வித்தை வரம் இல்லை, பழக்கம் என்பார். "அவர் ஒவ்வொண்டுக்கும் மனசில ஓரிடம் வச்சிருப்பார். உங்களுக்கும் இடம் இருக்குத்தானே, நீங்கள் நடந்து வாற வழி?"

அந்த வழியில்தான் அகஞ்சுரக்கும் சுரப்பிகளை, இரத்தத்துக்குள் ஓமோன் விடுகிற சுரப்பிகளை, நான் வைத்தேன். பெரட்டுக்களத்தில் மற்றச் சுரப்பிகளை ஏவுகிற கபச்சுரப்பி, காலையில் நின்று மற்றவர்களுக்கு வேலை ஏவுகிற இடம் அதுதானே. பாதை கழுத்துப்போல ஒடுங்குகிற பாலத்தில் தைரொயிட்டு. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் சதையி, இரத்தத்தில் சீனியை அளந்து வைக்கிறது என்பதற்காக. மழை நாளில் ரயில் பாதையால் குறுக்கே வருவோம். கொட்டகலைக்கும் அட்டனுக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம். உள்ளே தண்ணீர் சொட்டும், தூரத்தில் ரயில் சத்தம் கேட்பதுபோல இருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அங்கே, பயத்தில் நெஞ்சை அடிக்கவைக்கிற அதிரீனல் சுரப்பி. இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

சரி, இப்படிப் படித்த பிள்ளை ஏன் வெற்றுத்தாள் கொடுத்தாள்?

அந்த வருடம் எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு டீவி வந்தது. கார் பெற்றரியில் ஓடும், சார்ஜ் இறங்கினால் டவுனுக்குத் தூக்கிப் போவார்கள். தமிழ்ப்படம் போடுகிற நாளில் லயமே அங்கே இருக்கும். படத்தைவிட எனக்குள் போனது நடுவில் வந்த விளம்பரம். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, ஒரு கிரீம் பூசுவாள், வெளுப்பாள், வேலை கிடைக்கும். நான் கறுப்பு, கொஞ்சம் தடிப்பும்கூட. ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், "புள்ளைக்கு மூக்கும் முழியும் இருக்கு, நிறம்தான் இல்ல" என்று என் அம்மாவிடமே சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவரும் என் நிறம்தான்.

பஸ் காசை மிச்சம் பிடித்துச் சின்னப் பக்கற்றில் அந்தக் கிரீம் வாங்கினேன். காலை ரொட்டியைத் தம்பிக்குக் கொடுத்தேன். மத்தியானச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோய் நாய்க்கு வைத்தேன். பெரட்டுக்குப் போய்ப் பின்னேரம் வருகிற அம்மாவுக்கு இது தெரிய வழியில்லை. ஒன்றரை மாதம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் காலைக் கூட்டத்தில் விழுந்தேன். அதற்கு அடுத்த கிழமைதான் அந்த வெற்றுத்தாள்.

டீச்சர் என்னை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். "காலமை என்ன சாப்பிட்டனீர்?"

"ரொட்டி, டீச்சர்."

"பொய் சொல்லாதையும் பிள்ளை."

தன் பிட்டில் பாதியை மூடியில் போட்டுத் தந்தார். மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான், ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 பங்கை அதுவே எடுக்கிறது, அதைப் பட்டினி போட்டுவிட்டு ஞாபகத்தைக் கேட்கக்கூடாது என்றார். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியும் என்றார். ஞாபகத்துக்கு அம்மா அரைத்துத் தந்த வல்லாரைச் சம்பலைச் சொன்னேன். "நல்லது, சாப்பிடும். ஆனா சோத்தோட சாப்பிடும்" என்றார்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். தாள் வெறுமையாக இருந்த அந்தப் பத்து நிமிடமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தனீர்? நான் உண்மையைச் சொன்னேன். என் கை எவ்வளவு கறுப்பு என்று வெள்ளைத் தாளின் மேல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பாடத்துக்கு அவர் ஒரு சினிமா இதழும் பெரிதாக்கிக் காட்டுகிற கைவில்லைகளும் கொண்டுவந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நடுப்பக்க நடிகையின் கன்னத்தை வில்லையால் பார்க்கச் சொன்னார். கன்னம் இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். வெளிச்சமான இடத்தில் புள்ளிகள் சின்னதாகி, இடையில் கடதாசி தெரிந்தது. "இந்த வெள்ளை தோலின்ர நிறமில்லை, கடதாசியின்ர நிறம்" என்றார். அதற்கு முன்னால் விளக்கு, பூச்சு, படத்தைத் திருத்துகிற ஆள் எல்லாம் இருக்கிறார்கள் என்று விளக்கினார். அப்படியே தோலுக்கு நிறம் தருகிற மெலனினுக்குப் போனார். மலை உயர உயர வெயிலில் தோலைச் சுடுகிற கழியூதாக் கதிர் கூடும், நாள் முழுக்க வெயிலில் நிற்கிற உங்கள் அம்மாமாரைக் காக்கிறது அந்த நிறம் என்றார். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். கிரீம் உயர்தரம் வரை என் பெட்டியில் இருந்தது. ஆனால் காலையில் சாப்பிட்டேன். தாளில் சிவப்பு மறுபடி குறைந்தது.

எங்கள் லயத்துக்கு டீவி வந்த அதே காலத்தில், 1995இல், பீஜியின் நட்ரோகா பகுதிக்கும் டீவி வந்திருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு நம்மவர்களையும் கொண்டுபோன அதே பீஜிதான், ஆனால் ஆய்வு அத்தீவின் பூர்வீகப் பெண்பிள்ளைகளைப் பற்றியது. அன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் டீவி வந்த கையோடும் மூன்று வருடம் கழித்தும் அங்குள்ள மாணவிகளிடம் கேட்டார்கள். எடை குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுக்கிறவர்கள் முதலில் ஒருவரும் இல்லை. 1998இல் நூற்றுக்கு 11.3 பேர். 2002இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. இன்னோர் ஆய்வு 1998இல் வந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவிகளைக் கண்ணாடி வைத்த அறையில் தனியே நீச்சலுடை போடச் சொல்லி, அதோடு கணக்குச் செய்ய வைத்தார்கள். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு செய்த மாணவிகளைவிட அவர்கள் குறைவாகச் செய்தார்கள். கணக்குக்குப் போக வேண்டிய மனதை உடம்பைப் பார்க்கிற வேலை எடுத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நான் அந்தத் தாளின் முன்னால் இருந்தவள்.

எங்கள் சங்கம் பரீட்சைக்கு முன் நடத்துகிற கருத்தரங்கில் கடந்தகால வினாத்தாளோடு ஒரு மணித்தியாலம் இதற்கும் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்கவும், ஒரு படத்தை வில்லை வைத்துப் பார்க்கவும் செலவில்லை. அன்று வருகிற பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் கொடுக்க வேண்டும், அதற்கான காசை நான் தருகிறேன். நோர்வேயில் 2022இலிருந்து, உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தங்கள் போனில் தாங்களே வெளுக்கவைக்கிற முகத்துக்கு எந்த முத்திரையும் இல்லை.

தம்பியின் மகள் இந்த முறை பரீட்சை எழுதுகிறாள். போன கிழமை வீடியோவில் கூப்பிட்டபோது அவள் முகம் பால்போல இருந்தது. "அந்த பில்டரை எடு புள்ள, எனக்கு உன்னைப் பார்க்கணும்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எடுத்தாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் நிறம். சுரப்பிகளைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெரட்டுக்களத்திலிருந்து தொடங்கினாள். அதிரீனல் வந்ததும் நிறுத்தினாள்.

"அத்தை, நாங்க இப்ப வேன்லதான் போறோம். சுரங்கமெல்லாம் நான் உள்ளுக்குப் போனதே இல்ல. அதனால மண்சரிஞ்ச வளைவுல வச்சிருக்கேன்."