ஊதாமல் ஒலிக்கும் குழல்

மண்டபம் ஊரில் எங்கள் மாடியில் காற்று ஓயாது. அதனால் இந்தச் சத்தத்தைக் கேட்க ஜன்னலைச் சாத்த வேண்டும். மூங்கில் குழலின் துளைகளை மூடிக்கொண்டு, ஊதாமல், ஒரு விரலை மட்டும் தூக்கி 'டொப்' என்று அடித்துப் பாருங்கள். வெறும் தட்டல் இல்லை, சுருதியோடு வரும். உள்ளே இருக்கும் காற்றுதான் அதிர்கிறது. மூடிய துளைகள் கூடக் கூட ஒலி இறங்கும். அப்புறம், வாய்த்துளையையும் உதட்டால் மூடித் தட்டினால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயியே (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) இறங்கிவிடும். முதலில் கேட்டபோது புல்லரித்துவிட்டது.

மேற்கத்தியக் குழலில் துளைகளை மூடும் சாவிகள் இருப்பதால் இன்னும் எடுப்பாக இருக்கும். 1936இலேயே இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் தனிப் புல்லாங்குழலுக்கு எழுதிய இசையில் சாவித் தட்டலைச் சேர்த்துவிட்டார்.

மூங்கிலில் அடிப்பது விரலின் சதை. உப்புக்காற்றில் விரல் லேசாகப் பிசுபிசுத்தால், எடுக்கும்போதும் சின்னதாக ஒரு 'பக்' வருகிறது. தகதிமி என்ற தாளச் சொல்லுக்கு இரண்டு வண்ணம் கிடைத்துவிட்டது! மைக்கைத் துளைக்கு அருகில் வைத்தால்தான் சபைக்குக் கேட்கும்.

என்னிடம் படிக்கும் பாம்பன் பையன், "அண்ணே, இது கச்சேரியில எடுபடுமா?" என்றான். தாள வாத்தியங்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் மெதுவாகப் பேசும் இடத்தில் தாராளமாக எடுபடும். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை நடுவே மட்டும் வேண்டாம்.