முத்திருச்சா டாக்டரம்மா?

மதுரையில் ஒரு மனநலப் பிரிவில் உளவியலாளராக வேலை பார்த்தேன். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "முத்திருச்சா டாக்டரம்மா?" எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார்கள். என் கையிலிருந்த படிவமோ இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்டது.

ஒரு சித்திரை வெயிலில் 22 வயதுப் பெண்ணை அவள் அப்பா கூட்டி வந்தார். முழுக்கைச் சுடிதார். பேசும்போதெல்லாம் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-இல் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கு, அதாவது உணர்ச்சியும் உறவும் ஒரு நிலையில் நிற்காத கோளாறுக்கு, 9 அறிகுறிகள். 5 இருந்தால்தான் கோளாறு. எனக்குக் கிடைத்தது 4. "உள்ளுக்குள்ள வெறுமையா இருக்கா?" என்றதற்கு உதட்டைப் பிதுக்கினாள். 'பண்புகள் உண்டு, கோளாறு இல்லை' என்று எழுதினேன்.

"அப்ப எல்லாம் திமிருதான்" என்றார் அப்பா. நான் மறுத்துச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். வெறுமையைப் பற்றி இந்த முறை அவளாகவே பேசினாள். 5 ஆகிவிட்டது. அந்த ஒரு பதிலால் புதுசாக நோய் வந்துவிட்டதா என்ன? முதல் நாளும் இதே பாடுதான் பட்டிருக்கிறாள். நான்தான் அதற்கு இடம் தரவில்லை. இன்றும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் 9-ல் குறைந்தது 5 என்ற கணக்கு 256 விதமாகச் சேரும். ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு அறிகுறிதான் இருக்கலாம். 2013-இல் வந்த டி.எஸ்.எம். 5, ஆளுமைக் கோளாறின் பழைய 10 வகைகளை அப்படியே வைத்துக்கொண்டு, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் அளவுமுறையைப் பின்பகுதியில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் நம் ஊர்க்காரர்கள் கேட்பதைக் கேட்கிறது: லேசா, நடுத்தரமா, தீவிரமா? அதற்கும் கீழே, கோளாறு என்று சொல்லாத 'ஆளுமைச் சிக்கல்' என ஒரு படியும் உண்டு.

பழைய வகைப் பெயர்களைக் கைவிட்டாலும், பார்டர்லைன் என்ற பெயரை மட்டும் அது விட்டுவிடவில்லை. அதுவும் சரிதான். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹனின் டி.பி.டி. என்ற பேச்சுவழிச் சிகிச்சை அந்தப் பெயரை ஒட்டித்தான் வளர்ந்தது. பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், "அப்ப என்னை மாதிரி வேற ஆளுங்களும் இருக்காங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, "இதுல எவ்வளவு இருக்கு?" என்று பேனாவை அவளிடம் கொடுத்தேன். பாதிக்கு மேல் தள்ளி ஒரு புள்ளி வைத்தாள். அப்பா சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டு இருந்துச்சாத்தா?" என்றார்.