பசுரா தாத்தாவின் அய்யனார் காசு

எங்கள் வீட்டில் வெள்ளிச் சாமான்களுக்கு விபூதி, பித்தளைக்குப் புளி. வெள்ளிக்கிழமை காலையில் காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் அம்மா விபூதி போட்டுத் தேய்ப்பார். அந்த வரிசையில் கடைசியாக ஒரு கனத்த வெள்ளிக் காசும் வரும். பழைய எட்டணாவைவிட நன்றாகப் பெரியது. ஒரு பக்கம் யாரோ ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவர் கையில் குட்டை வாளோடு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்கு அது அய்யனார். அதனால் அது அய்யனார் காசு. குங்குமம் வைத்து சாமி அலமாரியில் எடுத்து வைத்துவிடுவார்.

அது அம்மாவின் தாத்தாவுடையது. எனக்குக் கொள்ளுத்தாத்தா. வீட்டில் அவரைப் பசுரா தாத்தா என்றுதான் சொல்வார்கள். மாடு வைத்திருந்தவர் போலிருக்கிறது என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டேன். வேலூரில் பிறந்து, பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து, வேலூரிலேயே இறந்தவர். அவரைப் பற்றி அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது இரண்டே விஷயம்: பேரீச்சம்பழத்தைக் கண்ணால் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார், சாப்பாட்டில் ஈ உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து போய்விடுவார்.

மாமாவிடம் கேட்டால் கதையே வேறு. "டேய், அது சாதாரணக் காசு இல்லடா, விக்டோரியா கிராஸ். வெள்ளைக்காரன் மகாராணி பேர்ல குடுத்தது." கல்யாண வீடுகளில் இதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. நானும் நாற்பது வயது வரை நம்பினேன். என் பெண் பள்ளிக்கூடத்தில் ஏதோ குடும்ப வரலாறு எழுத வேண்டும் என்று வந்து நின்றபோதுதான் முதல் முறையாக அந்தக் காசைக் கையில் எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன்.

விக்டோரியா கிராஸ் என்பது பெயருக்கேற்ற மாதிரி சிலுவை வடிவம், அதுவும் வெண்கலம். எங்களுடையது வட்டம், வெள்ளி. அதோடு அந்த விருதில் இந்தியச் சிப்பாய்களைச் சேர்த்ததே 1911இல்தான். முதல் உலகப்போரில் அதைப் பெற்ற இந்தியப் படையினர், வெள்ளைக்கார அதிகாரிகள் நீங்கலாக, மொத்தம் 11 பேர், அவர்கள் பெயர்கள் எல்லாம் ஊரறிந்தவை. எங்கள் தாத்தா அதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துபோயிற்று மாமாவின் முப்பது வருடக் கதை. அவரிடம் உடனே சொல்ல மனசு வரவில்லை.

அப்போது கையில் இருப்பது என்ன? தலை ஐந்தாம் ஜார்ஜுடையது. குதிரைக்காரர் அய்யனார் இல்லை, புனித ஜார்ஜ். உடம்பில் துணிகூட இல்லை. குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயமும், மண்டையோடும் எலும்பும். ஓரத்தில் 1914, 1918. இதற்குப் பெயர் பிரிட்டிஷ் வார் மெடல். அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்துக் கொடுத்தார்கள். வீரச் செயலுக்காக அல்ல, போரில் பணியாற்றியதற்காக. சிப்பாய்க்கு வெள்ளி. கூலிப்படையில் மூட்டை தூக்கியவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். போர்முனைக்கே போனவர்களுக்கு இதோடு சேர்த்து விக்டரி மெடல் என்று இன்னொன்று உண்டு, அது எல்லோருக்கும் வெண்கலம்தான். அதைக் கேட்டதும் அம்மா, "ஆமா, ரெக்கை வெச்ச பொம்பளை இருக்குமே, அதை வெச்சு நாங்க பாண்டி ஆடுவோம்" என்றார். வெள்ளியை மட்டும் அடகுக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார் என்பதால் அது அலமாரிக்குள் பிழைத்தது. விக்டரி மெடல் தெருவில் தொலைந்தது. விக்டரிதான் மாமா வாயில் விக்டோரியா ஆகியிருக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல விஷயம்: அந்தக் காலப் பதக்கங்களின் விளிம்பில் வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அறுபது லட்சம் பதக்கங்கள் இருந்தாலும் இது இவருடையது என்று சொல்லிவிடலாம். கெட்ட விஷயம், எங்கள் வீட்டு விபூதி. நூறு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்ததில் ராஜாவின் தாடியே பாதி கரைந்துவிட்டது, விளிம்பைச் சொல்ல வேண்டுமா. சென்னையில் பழைய நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "தயவுசெஞ்சு விபூதியை நிறுத்தச் சொல்லுங்க" என்பதுதான். அவர்தான் படிக்கும் வழியையும் காட்டினார். விரல் நுனியில் கொஞ்சம் முகப் பவுடரைத் தொட்டு விளிம்பில் தடவி, மேலாகத் துடைத்துவிட வேண்டும். பள்ளத்தில் பவுடர் தங்கிவிடும். பிறகு விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கிறது. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. நான் ஒரு விளிம்புச் சுற்றைப் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

நாலு இலக்க எண். அடுத்து 'எஸ்.பி.ஆர்.' அடுத்து 'சாமி'யில் முடியும் ஒரு பெயர், அதை எங்கள் வீட்டில் எழுதுவதுபோல் எழுதவில்லை. கடைசியில் '2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்.' அப்பா பெயர், ஊர் எதுவும் கிடையாது.

மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எஸ், எம் இரண்டையும் கேட்டதும், "எம்.எஸ்.எம். ரயில்வே! மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா! நம்ம ஆளு ரயில்வேதான்" என்று குதித்தார். அதை ஒதுக்கிவிட்டு நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். கியூ.வி.ஓ. என்றால் குயின் விக்டோரியாஸ் ஓன். '2' இருக்கிறது. தேடினேன். இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் ராஜ்புத் லைட் இன்ஃபன்ட்ரி என்று அச்சாக ஒரு ரெஜிமெண்ட் வந்து நின்றது. மூன்று வாரம் ராஜ்புத் படையின் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுத்தேன். சாதி, வட்டாரம் பார்த்து ஆள் எடுத்த அந்தக் காலத்தில் வேலூர்த் தமிழன் ராஜ்புத் படையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. நண்பர்தான் கேட்டார், "எஸ் அண்ட் எம்மை எங்க விட்டீங்க?"

எஸ் அண்ட் எம் என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். எஸ்.பி.ஆர். என்பது சாப்பர், அந்தப் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு அதுதான் பெயர். பாலம், பாதை, பதுங்குகுழி, வெடி இவர்கள் வேலை. ஒன்றாவது பிரிவு வங்காளத்துடையது, ரூர்க்கியில். மூன்றாவது பம்பாயுடையது, கிர்கியில். இரண்டாவதுதான் நம்முடைய மெட்ராஸ் சாப்பர்ஸ், தலைமையகம் பெங்களூர். 1780இல் இரண்டு கம்பெனி பயனியர்களாக, அதாவது படைக்கு முன்னால் போய் வழி அமைப்பவர்களாக, தொடங்கிய படை. இன்றும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. இந்திய ராணுவத்தில் இவர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப் பெயர். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் சக வீரர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிரை விட்டு, ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இதே படைக்காரர்.

விளிம்பில் 'மெட்ராஸ்' என்று ஒரு வார்த்தை இருந்திருந்தால் என் மூன்று வாரம் மிச்சம். இல்லாமல் போனதற்குக் காரணம் அன்றைய இந்திய ராணுவத் தலைமைத் தளபதி கிச்சனர். 1903இல் அவர் இந்திய ராணுவத்தை ஒரே வரிசையில் எண் போட்டு அடுக்கியபோது மெட்ராஸ், பம்பாய், வங்காளம் என்ற ராஜதானிப் பெயர்களைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார். மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். மூன்றாவது பாளையங்கோட்டை 63 ஆனது. நாலாவது மெட்ராஸ் பயனியர்ஸ் 64 ஆனது. இருபத்து மூன்றாவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி 83. ஆகவே உங்கள் வீட்டுப் பதக்கத்தில் 61 முதல் 80 சொச்சம் வரை ஓர் எண்ணும், பக்கத்தில் பயனியர்ஸ், கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி என்றும் இருந்தால் 60ஐக் கழித்துப் பாருங்கள், பழைய மெட்ராஸ் ரெஜிமெண்ட் வந்துவிடும். இந்த ஒரு கழித்தல் கணக்கு தெரியாமல் எத்தனையோ பேர் சுற்றுகிறார்கள். 1922க்குப் பிறகு மறுபடியும் எல்லாப் பெயரையும் மாற்றினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. போர் நடந்த வருடத்தில் என்ன பெயர் இருந்ததோ அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

ரெஜிமெண்ட் தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். பணி ஆவணம் கேட்டு எழுதினேன். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை, மூன்றாவதற்கு வந்த பதில் வேறு யாரோ ஒருவரின் ஓய்வூதியம் பற்றியது. கேட்டவர்கள் எல்லோரும், "லண்டன்ல குண்டு போட்டதுல எரிஞ்சு போச்சு" என்றார்கள். 1940 செப்டம்பரில் அப்படி எரிந்தது உண்மைதான், ஆனால் அவை பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகள். நம் ஆட்களின் பணிக்கோப்புகள் லண்டனுக்கே போகவில்லை, அந்தந்த ரெஜிமெண்டிலேயே இருந்தன. லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்க அட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, இந்தியர்களின் அட்டைகளும் ஓரளவு உண்டு. தாத்தாவின் பெயரை எனக்குத் தெரிந்த ஏழெட்டு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்த்தேன். 'சாமி'க்கே எஸ்.ஏ.எம்.ஒய்., எஸ்.டபிள்யூ.ஏ.எம்.ஐ. என்று இத்தனை வழி. அந்த எண்ணோடு எதுவும் ஒத்துவரவில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் பஞ்சாப் மாகாணத்திலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் கிடைத்து, அவற்றைக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்தபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுப் படையைத் தேடினேன். அதுதான் கைகொடுத்தது. போர்க்களத்தில் ஒவ்வொரு பிரிவும் தினமும் எழுதிய நாட்குறிப்புகள் அதே கியூ காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாம் ஒரே அச்சுப் படிவம், சி 2118. இடது பக்கம் இடமும் தேதியும், நடுவில் நடந்தது. பென்சில் கையெழுத்து, படிக்கக் கண் வலிக்கும். அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாப்பர்களுக்கு எண்ணிக்கை மட்டும்: காயம் இத்தனை, நோய் இத்தனை. தாத்தா எந்த நாளின் எந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார் என்று பார்த்தபடியே பக்கங்களைத் தள்ளினேன்.

மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், கோப்புகளைத் திறக்கச் சொன்னது பதக்கம் இல்லை, வீட்டுப் பெயர். பசுரா. பஸ்ரா! ஈராக்கின் துறைமுகம், இந்தியப் படை கப்பலைவிட்டு இறங்கிய இடம். பேரீச்சை மரமும் ஈயும் எங்கும் நிறைந்திருந்த ஊர். அம்மாவின் இரண்டு ஞாபகங்களும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தன. அவரிடம் சொன்னபோது, "பசுரான்னா ஊரா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மெட்ராஸ் சாப்பர்களின் 12, 13ஆம் கம்பெனிகள் அந்தப் போர்முனையில் இருந்தன. 1916 ஏப்ரல் 29 அன்று கூட் நகரில் பிரிட்டிஷ் படை துருக்கியரிடம் சரணடைந்தது. அடுத்த வருடம் அதே கூட் நகருக்கு மேலே, ஷும்ரான் என்ற இடத்தில் டைக்ரிஸ் ஆறு வளையும் திருப்பத்தில், பிப்ரவரி 23 விடியற்காலை, எதிர்க்கரையிலிருந்து துருக்கியர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே படகுகளில் துடுப்புப் போட்டு ஆட்களைக் கடத்தினார்கள். அன்று மாலைக்குள் ஆற்றின்மேல் மிதவைப் பாலம் நின்றது. மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. அந்த ஷும்ரான் காலையில் ஒருவருக்கு நிஜமாகவே விக்டோரியா கிராஸ் கிடைத்தது, கூர்க்காப் படையின் மேஜர் ஜார்ஜ் கேம்பெல் வீலருக்கு.

அந்தப் பாலத்தில் தாத்தா ஒரு பலகையாவது போட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். பதக்கத்தில் கம்பெனி எண் இல்லை, ஆகவே எழுத முடியாது. மகளின் பள்ளிக் கட்டுரையில் 'ஆற்றைக் கடந்த படையைச் சேர்ந்தவர்' என்று எழுதச் சொன்னேன். 'பாலம் கட்டினார்' என்று அவள் மாற்றிவிட்டாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது லாங்கு பஜாரில் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றேன். எத்தனை முறை அந்த வழியாகக் காய்கறி வாங்கப் போயிருப்பேன், கல்வெட்டை நிமிர்ந்து பார்த்ததில்லை. வேலூரிலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் 277, உயிரைக் கொடுத்தவர்கள் 14 என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. பெயர் ஒன்றும் இல்லை. பின்னால் தள்ளுவண்டிக்காரர், "சார், நகருங்க" என்றார். 263 பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இப்போது அய்யனார் காசுக்கு விபூதி கிடையாது, குங்குமம் மட்டும், அதுவும் சுற்றி வைத்திருக்கும் பருத்தித் துணியின்மேல். அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். மாமாவிடம் ஒரு நாள் தைரியமாக உட்கார்ந்து, விக்டோரியா கிராஸ் வெண்கலம், நம்முடையது வெள்ளி, அதனால் அது இது இல்லை என்று படம் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் பக்கத்துப் பந்தியிலிருந்து அவர் குரல் கேட்டது: "எங்க தாத்தா விக்டோரியா கிராஸ் வாங்கினவரு. எல்லாருக்கும் வெண்கலத்துலதான் குடுத்தான். எங்க தாத்தாவுக்கு மட்டும் வெள்ளி."