பீட்டிலும் கோல்ஃபும்: நேரம் குறித்துப் பார்த்தேன்

நின்ற இடத்திலிருந்து எந்தக் கார் எவ்வளவு விரைவில் வேகமெடுக்கிறது என்று பார்க்கும் சோதனையைப் போன முறை மழை கெடுத்தது. இந்த வாரம் அதை முடித்துவிட்டேன். என்னுடைய 1963 பீட்டில் 1200, நண்பரின் 1978 கோல்ஃப் ஜிடிஐ. வேறு வண்டிகள் வராத ஓடுதளத்தில் இரண்டையும் மாறி மாறி ஓட்டினோம்.

இரண்டும் ஃபோக்ஸ்வாகன்தான் என்றாலும் அமைப்பு முழுக்கத் தலைகீழ். பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால், காற்றால் குளிர்வது, தள்ளுவது பின்சக்கரங்கள். கோல்ஃபில் இன்ஜின் முன்னால், தண்ணீரால் குளிர்வது, இழுப்பது முன்சக்கரங்கள். எடையில் 100 கிலோகூட வித்தியாசம் இல்லை. இரண்டிலும் நான்கே கியர்.

எனக்கு வெகுநாளாக உறுத்திய கணக்கு ஒன்று உண்டு. 1,192 சிசிக்கு 34 குதிரைத்திறன். 1,588 சிசிக்கு 110. கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு கூடினால் திறன் எப்படி மூன்று மடங்காகும்? ஓட்டும்போது விடை காதில் விழுகிறது. பீட்டில் நிமிடத்துக்கு 3,600 சுற்றிலேயே இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் சத்தம் மட்டும் போடுகிறது. கோல்ஃபின் உச்சம் 6,100 சுற்றில். சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அமுக்க விகிதமும் 7-லிருந்து 9.5-ஆக ஏறியிருக்கிறது, கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்.

பீட்டிலின் உச்ச வேகமே மணிக்கு 115 கி.மீ. என்பதால், 100-ஐத் தொடுவதற்குள் தளம் தீர்ந்துவிடும். அதனால் 80-ஓடு நிறுத்திக்கொண்டோம். முதலில் எடுத்த கணக்கைக் கிழித்துப் போட வேண்டியிருந்தது: என் வண்டியின் முள் 80 காட்டியபோது கைப்பேசியின் ஜிபிஎஸ் 74 என்றது. முள்ளை நம்பியது என் தவறு. ஜிபிஎஸ்ஸை வைத்து மறுபடி ஓட்டியதில் பீட்டிலுக்கு 19 விநாடி, கோல்ஃபுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு.

நான் எதிர்பாராதது முதல் சில மீட்டர்கள். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் கோல்ஃபின் முன்சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றன. புறப்படும்போது எடை பின்னுக்குச் சாய்ந்து முன்பிடி குறைந்துவிடுகிறது. பீட்டிலில் அந்தச் சாய்வே ஆதாயம். இன்ஜினின் எடை முழுதும் தள்ளும் சக்கரங்களின் மேல் உட்கார்ந்திருப்பதால், என்ன முரட்டுத்தனம் செய்தாலும் வழுக்காமல் கிளம்புகிறது. ஒரு வண்டி நீளத்துக்காவது அது முன்னால் நின்றது என்று நண்பரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அப்புறம் நடந்ததைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

வளைவில் அந்த எடையே வினை. பீட்டிலுக்கு முன்டயரில் காற்று குறைவாகவும் பின்டயரில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அவசரத்தில் நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டேன். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதத்தை எடுத்ததும் பின்பக்கம் வெளியே நழுவத் தொடங்கியது. நல்லவேளை, வேகம் நாற்பதுதான். காற்றைத் திருத்திய பிறகு வண்டி அடங்கியது. ஆனாலும் பின்சக்கரங்கள் ஊசல்போல ஆடிச் சாயும் பழைய ஊசல் அச்சு வண்டியில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் சரி. கோல்ஃபில் இந்த யோசனையே வேண்டாம்.

பிரேக் ஒப்பீட்டைத் தள்ளி வைத்திருக்கிறேன். பீட்டிலில் நான்கும் டிரம். மூன்றாவது முறை அழுத்தியபோது வண்டி இடப்பக்கம் இழுத்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கத்து பிரேக் ஷூவை நான் சரியாக இறுக்கியிருக்கவில்லை. கோல்ஃபின் முன்டிஸ்க்குகளோடு அதை இப்போதே மோதவிடுவது நியாயமில்லை. முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவதும் நின்றுபோயிருந்தது. இந்த வண்டியில் அதற்கான அழுத்தம் அடித்து வைக்கும் காற்றிலிருந்து வருகிறது. நான்கு டயர்களோடு மல்லுக்கட்டியதில் அதற்குக் காற்று அடிக்க மறந்தே போயிருக்கிறேன்.