வீடியோவைப் பாருங்க பெரியம்மா

"வீடியோவைப் பாருங்க பெரியம்மா, அதுல எல்லாம் தெளிவா சொல்லியிருக்கு."

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொய் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. வீடியோவில் நிஜமாகவே எல்லாம் சொல்லியிருந்தது. பதினெட்டு நிமிஷ வீடியோவில், பதினோராவது நிமிஷத்துக்கு மேல். ஆனாலும் ஐப்பசி பிறந்து, டிவியில் வெள்ள எச்சரிக்கையில் "சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம்" என்று வரிசையாக ஊர்ப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தால் இந்த ஒரு வரிதான் முதலில் என் காதில் கேட்கிறது, என் குரலிலேயே.

பெரியம்மா கேட்ட கேள்வியும் சின்னதுதான். "தம்பி, நீ அந்த சேனல்லதானே இருக்க? தண்ணி வருமாப்பா?"

வரும், வராது, தெரியாது என்று மூன்று பதில்தான் இருக்கிறது. நான் மூன்றையும் சொல்லவில்லை.

நான் ஒரு யூடியூப் சேனலில் தம்ப்நெயில், அதாவது வீடியோவின் முகப்புப் படம், செய்கிறவன். அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் அந்த வீடியோவை ஏற்றினோம். செம்பரம்பாக்கம் ஏரியில் 22 அடியைத் தாண்டித் தண்ணீர் நிற்கிறது, முன்னெச்சரிக்கையாக அடையாற்றில் வினாடிக்கு 100 கன அடி உபரி நீர் திறக்கிறார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை உட்காரவைத்துப் பேச வைத்திருந்தோம். நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார். ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1-ஆம் தேதி திறந்தது 29,000 கன அடி. இன்றைக்குத் திறப்பது 100. அதாவது அன்று வந்ததில் 290-இல் ஒரு பங்கு. பயப்பட வேண்டாம். முழு வீடியோவின் சாரமும் இதுதான்.

நான் முதலில் செய்த தம்ப்நெயில் அந்தச் சாரத்துக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. ஏரியின் நீல நிறத் தண்ணீர், பொறியாளரின் அமைதியான முகம், "100 கன அடி மட்டுமே" என்று வெள்ளை எழுத்து. எனக்கே பிடித்திருந்தது. மூன்று மணி நேரம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்தால் சிடிஆர் 2.1. அதாவது நூறு பேர் கண்ணில் பட்டால் இரண்டு பேர்தான் கிளிக் செய்கிறார்கள். யூடியூபே சொல்லும் கணக்குப்படி பாதி சேனல்களுக்கு இது 2-லிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும். நாங்கள் அதன் அடிமட்டத்தில் கிடந்தோம்.

"நல்ல விஷயம்ப்பா, ஒருத்தனும் பார்க்க மாட்டேங்கிறான். மாத்து" என்றார் சேனலை நடத்துகிற சார்.

அவரை வில்லனாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மிக்ஜாம் புயல் சமயத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய், ஆபீஸில் குழந்தை இருக்கிற வீட்டுக்கெல்லாம் பால் பாக்கெட் தேடி வாங்கி வந்தவர் அவர். "மாத்து" என்றுதான் சொன்னார். எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அது எனக்கே தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

இருபது நிமிஷத்தில் முடித்தேன். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தைத் தொட்டுக்கொண்டு அடையாறு ஓடும் 2015-ஆம் வருஷத்துப் படம் ஒன்று எங்கள் ஃபோல்டரில் எப்போதும் உண்டு. தண்ணீரை இன்னும் கொஞ்சம் செம்மண் நிறத்துக்கு இழுத்தேன், வானத்தை இருட்டாக்கினேன். பொறியாளர் முகம் மாற வேண்டும். வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து, வாய் அகலமாகத் திறந்து கண்ணும் விரிந்திருந்த ஒரு ஃபிரேமைப் பிடித்தேன். வெட்டி எடுத்து வெள்ளை ஸ்ட்ரோக் கொடுத்து வைத்தால், அலறுகிற முகம் அசலாக வந்துவிட்டது. அது எந்த நொடி என்று அப்புறம் போய்ப் பார்த்தேன். "பயப்பட வேண்டாம்" என்று சொல்லும்போது "டா"வில் திறந்த வாய் அது.

மேலே மஞ்சளில் "செம்பரம்பாக்கம் திறப்பு!" கீழே சிவப்புப் பட்டையில் "மீண்டும் 2015?"

அந்தக் கேள்விக்குறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் கேள்விக்குறிதான் எங்கள் வக்கீல். என்ன வேண்டுமானாலும் எழுதிவிட்டுக் கடைசியில் அதை நிறுத்திவிட்டால் போதும். நாங்கள் சொல்லவில்லை, கேட்கத்தானே செய்தோம்? 2024 டிசம்பரில் யூடியூப், இந்தியாவில் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் ஒன்றைச் சொல்லி வீடியோவில் அது இல்லாமல் ஏமாற்றுகிறவர்கள்மேல், குறிப்பாகச் செய்தி விஷயங்களில், நடவடிக்கையைக் கூட்டப்போவதாக அறிவித்தபோது ஆபீஸில் இதைத்தான் பேசினோம். அந்த அளவுகோலை வைத்தாலும் என் படம் தப்பிக்கும் என்று சொல்ல முடியவில்லை, மாட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. ஏரியைத் திறந்தது உண்மை. 2015-ஐப் பற்றி வீடியோவில் பேசியிருப்பதும் உண்மை.

எழுத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் போனது. யூனிகோடில் அடித்ததை ஒட்டினால் எங்கள் பழைய போட்டோஷாப்பில் "செ"யின் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். திருவல்லிக்கேணியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் நான்கு வருஷம் குப்பை கொட்டியவன், கொம்பு தப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பாமினி என்கிற பழைய எழுத்துருவில் மறுபடி அடித்து, "செம்பரம்பாக்கம்" ஒன்பது எழுத்தும் போன் திரையில் தெரிகிற மாதிரி இடைவெளியைச் சுருக்கி, சரிபார்த்து ஏற்றினேன். படம் 2015-இல் எடுத்தது என்று மூலையில் சின்னதாகப் போட வேண்டும் என்றும் தோன்றியது. வலது கீழ் மூலையில் போட்டால் வீடியோவின் நேரம் அதன்மேல் வந்து மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

படத்துக்கு மூலைகள் நான்கு.

அந்த பிரஸ்ஸில் ஒரு பழக்கம் உண்டு. ப்ரூஃபில் பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினில் ஏற்றுவோம். முகூர்த்த நேரம் ஒரு எழுத்து தப்பினாலும் ஆயிரம் பத்திரிகை குப்பை. அந்தப் பயம் இங்கே கிடையாது. தப்பென்றால் மாற்றிக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும். வீடியோவை ஒருமுறை ஏற்றினால் ஏற்றியதுதான், அதற்குப் பதில் வேறு வீடியோவை அதே இடத்தில் வைக்க முடியாது. தம்ப்நெயில் அப்படியில்லை, சட்டை மாற்றுவது மாதிரி. இந்த வேலைக்கு வந்த புதிதில் அதைப் பெரிய விடுதலையாக நினைத்தேன். இப்போதெல்லாம் ஒரே வீடியோவுக்கு மூன்று படம் வரைக்கும் கொடுத்துவிட்டால் யூடியூபே ஆளுக்கொன்றாகக் காட்டிப் பார்த்து, எதற்குப் பார்வை நேரம் அதிகம் என்று சொல்லிவிடுகிறது. ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று படம். சாருக்கு அது மிகவும் பிடித்த வசதி.

சரி, அன்றைக்கு வருகிறேன். மதியம் ஒரு மணிக்கு மாற்றினேன். மூன்று மணிக்குள் சிடிஆர் 9-ஐத் தொட்டது. சார் எல்லோருக்கும் டீ சொன்னார். மூன்றரைக்குப் பெரியம்மா போன் செய்தார்.

அவர் ஜாபர்கான்பேட்டையில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் இருக்கிறார். 2015-இல் அந்த ராத்திரி தண்ணீர் உள்ளே வந்தபோது கட்டின புடவையோடு மாடிக்கு ஏறியவர். தையல் மெஷின் மூன்று நாள் தண்ணீரில் கிடந்து துருவேறிப் போனது. நிவாரணமாக வந்த 5,000 ரூபாயோடு நகைச்சீட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்கியதுதான் இப்போது இருக்கிற மெஷின். இதெல்லாம் எனக்குத் தெரியாத கதை இல்லை. அந்தச் சேற்றை வாரிக் கொட்டியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னேன்? தங்கம் விலை பற்றி அடுத்த தம்ப்நெயில் பாதியில் நின்றது. சார் பக்கத்தில் இருந்தார். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. இப்படி எத்தனையோ சொல்லலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது பழக்கத்தில் வந்த வரி. சொந்தக்காரர், வீட்டு ஓனர், பெட்டிக்கடைக்காரர், யார் எதைக் கேட்டாலும் நாங்கள் எல்லோரும் சொல்வது இதுதான். வீடியோவைப் பாருங்க. விளையாட்டாக ஆரம்பித்தது. ஒரு வியூ கூடட்டுமே என்பதுதான் அதில் இருந்த கணக்கு. அன்றைக்குப் பெரியம்மாவிடமும் நான் ஒரு வியூதான் கேட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"சரிப்பா, வேலையா இருப்ப" என்று வைத்துவிட்டார்.

அவர் வீடியோவைப் பார்க்கவில்லை. பார்க்க லிங்க்கே அவரிடம் இல்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ என் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஏழரைக்கு அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரகடத்தில் ஷிஃப்டில் இருந்தவர், போன் செய்தார். "அம்மா தனியா மெஷினைத் தூக்கி மாடியில வெச்சிருக்காங்கடா. இடுப்பு புடிச்சுக்கிச்சு, எழுந்திரிக்க முடியல. எதையோ பார்த்து பயந்துட்டாங்க. இரு, அனுப்புறேன்."

என் வேலை எனக்கே வந்தது. ஓரங்கள் வெட்டுப்பட்டு, கொஞ்சம் மங்கலாக. கொம்பு சரியாக இருந்தது.

"இந்த மாதிரி போடுறவனுங்களை என்னடா பண்றது?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா" என்றேன்.

படத்தின் ஓரத்தில் எங்கள் லோகோ இருந்தது. அவர் கவனித்தாரா, கவனித்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது. பெரியம்மா "அந்த சேனல்லதானே" என்று கேட்டதில் அந்த "அந்த"வும் எனக்குப் பிடிபடவில்லை.

எட்டு மணிக்குச் சாரிடம் சொன்னேன். "அடடா, மாத்திடுப்பா" என்றார் உடனே. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வீடியோவும் அதற்குள் ஓட்டம் ஓய்ந்திருந்தது. இரண்டும் உண்மை. நீலத் தண்ணீர்ப் படத்தையே திரும்பப் போட்டேன். ஸ்டுடியோவில் ஒரு நொடியில் மாறியது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போன படங்கள் எதுவும் மாறவில்லை. லிங்க்கோடு போனதிலும் அனுப்பிய நேரத்துப் படமே ஒட்டிக்கொண்டிருக்கும், மாறாது. அடுத்த இரண்டு நாளும் அது வேறு வேறு குரூப் வழியாக என்னிடமே வந்தது. ஒருவர் அதை "அனைவருக்கும் பகிரவும்" என்று போட்டு அனுப்பியிருந்தார்.

எனக்கு ஆதரவாகவும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த வீடியோவின் கீழே "இப்பதான் நிம்மதியா இருக்கு", "சார் சொன்ன விதம் புரிஞ்சுது" என்று பலர் எழுதியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் பயமுறுத்தும் படத்தைப் பார்த்துத்தான் உள்ளே வந்தார்கள். அமைதியான படம் அந்த அமைதியை யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பெரியம்மாவே 2015-ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினையாவது தூக்கியிருப்பேன்." அப்படியானால் நான் செய்தது அந்த ஒரு வார்த்தைதானே? தேவையில்லாத நாளில் சொன்னேன், அவ்வளவுதானே?

இந்த வாதம் ராத்திரியில் நன்றாக நிற்கிறது. காலையில் 9 சதவீதம் ஞாபகம் வருகிறது. நூறு பேரில் ஒன்பது பேர் உள்ளே வந்து பொறியாளர் சொன்னதைக் கேட்டார்கள் என்று நாங்கள் டீ குடித்தோம். மீதி 91 பேருக்கு என் படம்தான் செய்தி. அவர்களுக்கு ஏரி திறந்துவிட்டது, பாலம் மூழ்குகிறது, பொறியாளர் அலறுகிறார்.

பெரியம்மா இடுப்பு இரண்டு வாரத்தில் சரியானது. பார்க்கப் போனபோது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். என் படம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ரவிக்கை அளவு எழுதிவைத்த நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், நானும் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி போன் வந்தது. "தம்பி, திறந்துட்டாங்களாமே?"

இந்தத் தடவை யோசிக்கவில்லை. "நூறு கன அடிதான் பெரியம்மா. வராது. பயப்படாம தூங்குங்க."

"நீ சொன்னா சரிப்பா" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் கொஞ்ச நேரம் இருந்தது. சாலிகிராமத்து ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும்போது மழை வலுத்தது. பதினொரு மணிக்குப் பார்த்தால் ஐநூறாக்கியிருந்தார்கள். ஐநூறும் ஒன்றும் பெரிதில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடையாற்றுக்கு அந்த ஏரி மட்டுமா தண்ணீர் தருகிறது? ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பினால் எங்கே வரும்? பொறியாளர் இதையும் சொல்லியிருந்தார், பதினாலாவது நிமிஷத்தில். நான் பெரியம்மாவிடம் சொன்ன பதிலில் பதினாலாவது நிமிஷம் இல்லை.

ஒன்றரை மணிக்கு அண்ணனுக்கு அடித்தேன், ஷிஃப்டில் இருந்தார், எடுக்கவில்லை. பெரியம்மாவுக்கு அடித்தேன். மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. நான் சொன்னபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். விடியும்வரை ஏரி நிலவரத்தைப் பார்ப்பதும், கூகுள் மேப்பில் அவர் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவே விரலை வைத்து அளப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை எங்கள் பழைய வீடியோவையே திறந்து, பொறியாளர் என்ன சொல்கிறார் என்று ஆரம்பத்திலிருந்து கேட்டேன்.